ஆக்கர் கடையில் கிடக்கும் ஸ்டான்லி 45: எடுக்கலாமா, விடலாமா?

மே 18, கேள்வி

அண்ணன்மாரே, மார்த்தாண்டத்தில் ஒரு ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், மரம் இழைக்கிற பழைய இரும்பு இழைப்புளி ஒன்று பார்த்தேன். ஸ்டான்லி 45 என்று எழுத்து தெரிகிறது. கூடவே மரப்பெட்டியில் பதினொரு அலகுகள். நிக்கல் பூச்சு அங்கங்கே உரிந்து துருப்பிடித்திருக்கிறது. கடைக்காரர் ஐயாயிரம் கேட்கிறார். களியக்காவிளைப் பக்கம் எங்கள் குடும்பத்துப் பலசரக்குக் கடை, முன்பக்கம் இன்னும் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி மூடுகிற நிரைப்பலகைதான். கீழ்ப்படி மரம் உளுத்துவிட்டது, பலகைகளிலும் நாலைந்து போய்விட்டன. அதை நானே செய்ய ஆசை. ரூட்டர் (மரத்தில் பள்ளம் வெட்டும் மின்கருவி) வாங்கு, இதெல்லாம் ஷோகேஸில் வைக்கிற சாமான் என்கிறான் கூட்டாளி. ஏழு வேலை செய்கிற கருவி ஏழையும் அரைகுறையாகத்தான் செய்யும் என்கிறான். எடுக்கலாமா?

மே 18, இரவு

எடுக்கலாம் தம்பி. ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். அலகு பதினொன்றா இருபத்து மூன்றா என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. உடம்பு முழுசாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 45 என்பது மூன்று துண்டு. கைப்பிடியோடு இருக்கும் தாய்ப்பகுதி, அதன் இடப்பக்கத்தில் இரண்டு ராடுகளின் மேல் நகரும் சறுக்குப் பகுதி, அதற்கும் இடப்பக்கத்தில் பலகையின் பக்கத்தோடு ஒட்டி ஓடும் கைடு. இந்த மூன்றில் சறுக்குப் பகுதி இல்லையென்றால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அது தனியாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அப்புறம் அடியில் ஓடும் இரண்டு மெல்லிய பட்டைகளையும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வளைந்திருந்தால் வேண்டாம். வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் உடையும், உடைந்ததைப் பற்றவைத்தால் நேராக வராது. பற்றவைத்த தடம் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரல் நகத்தால் தடவினால் தெரியும்.

ஐயாயிரம் அதிகமா குறைவா என்று நாளைக்கு எழுதுகிறேன்.

மே 19

விலையை விடத் திருகுகளைக் கவனியுங்கள். ஸ்டான்லி தன் திருகுகளுக்குத் தனக்கென்று ஒரு மரை வைத்திருந்தது. இன்று ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகு எதுவும் அதில் ஏறாது. ராடுகளை இறுக்கும் கட்டைவிரல் திருகுகள், அலகைப் பிடிக்கும் போல்ட், அதன் நட்டு, ஆழத்தை நிறுத்தும் ஸ்டாப்பரின் திருகு, எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஒன்று இல்லாமல் போனால் லேத் பட்டறைக்குப் போய்ச் சொல்லிச் செய்ய வேண்டும், அது நடக்கும், ஆனால் செலவு. இரண்டு மூன்று இல்லையென்றால் அந்தச் செலவைச் சொல்லியே விலையை இறக்குங்கள்.

எல்லாம் இருந்தால் ஐயாயிரத்துக்குத் தயங்காமல் எடுங்கள். மட்டாஞ்சேரிப் பழம்பொருள் கடைகளில் இதே சாமான் கண்ணாடி அலமாரியில் ஏறிவிட்டால் நாம் கிட்டே போக முடியாது. ஆக்கர் கடையில் கிடக்கும்போது எடுப்பவனுக்குத்தான் அது கருவி.

மே 19, மாலை

பாலக்காட்டு நண்பர் இதன் வயதைக் கேட்டிருக்கிறார். நியூ பிரிட்டன் என்ற ஊர், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம். அங்கே ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனியில் ஜஸ்டஸ் டிராட் என்ற ஜெர்மானியக் குடியேறி வேலை பார்த்தார், நூற்றுக்கும் மேலான காப்புரிமைகள் அவர் பேரில் இருக்கின்றன. 45 அவருடைய கைவண்ணம். 1884-ல் விற்பனைக்கு வந்து 1962 வரை ஓடியது. ஏழெட்டுப் பத்தாண்டுகள் ஒரே கருவியைத் தொடர்ந்து வார்த்திருக்கிறார்கள் என்றால் வாங்கியவர்கள் எல்லோரும் ஷோகேஸில் வைக்கவா வாங்கினார்கள்?

ஆரம்பகாலத்து 45 கறுப்புப் பூச்சில் வரும், பிற்பாடு நிக்கல். தம்பி பார்த்தது நிக்கல் என்பதால் பிந்தையது. அலகில் இதய வடிவத்துக்குள் எழுத்து பொறித்திருந்தால் 1920 முதல் 30களின் நடுப்பகுதி வரைக்குள் செய்தது, கம்பெனித் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் நினைவாக வைத்த முத்திரை அது. அந்தக் காலத்து அலகு எஃகு அருமையாக இருக்கும், விளிம்பு தாங்கும்.

இங்கிலாந்துச் சாமானும் நம் பக்கம் கிடைக்கும். ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்டு 405. 45-ஐப் பார்த்துச் செய்ததுதான், ஆனால் வார்ப்பு சுத்தம். அதன் அலகுகள் பெரும்பாலும் 45-லும் உட்காரும். அதனால் அலகு குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழைய உளி விற்பவர்களிடம் எப்போதாவது ஒன்றிரண்டு வரும்.

மே 22

தம்பி எடுத்துவிட்டேன் என்று படம் போட்டிருக்கிறார். நல்லது. சறுக்குப் பகுதி இருக்கிறது, ராடுகளில் நீளமான ஜோடி மட்டும் இருக்கிறது, குட்டை ஜோடி இல்லை. பரவாயில்லை. நீளமான ராடு இடப்பக்கம் நீட்டிக்கொண்டு தொல்லை தரும், அவ்வளவுதான். கைடின் மர முகம் ரோஸ்வுட், நம் ஊர் ஈட்டி மரத்தின் உறவு. அது கொஞ்சம் வில்லாக வளைந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. இரண்டு திருகைக் கழற்றி மரத்தை மட்டும் எடுத்துக் கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து நேராக்குங்கள். கைடு நேராக இல்லாமல் இந்தக் கருவியால் ஒரு காடி (மரத்தில் வெட்டும் நீளப் பள்ளம்) கூட நேராக வராது.

துருவுக்கு: எலுமிச்சை, வினிகர், புளி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நிக்கல் உரிந்த உடம்புக்கு அமிலம் எதுவும் வேண்டாம், உரியாத இடத்திலும் பூச்சுக்கு அடியில் புகுந்து தூக்கிவிடும். மண்ணெண்ணெய் அல்லது டீசலில் ஒரு ராத்திரி ஊறப் போட்டுப் பித்தளைக் கம்பி பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். எஃகுக் கம்பி பிரஷ் மிச்சமிருக்கும் நிக்கலையும் வாரிக்கொண்டு போகும். அலகுகளுக்கு மட்டும் வினிகர் சரி, எடுத்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும்.

இடவப்பாதி தொடங்கப்போகிறது. நம் பக்கத்து மழைக்காலத்தில் துடைத்துவிட்டுச் சும்மா வைத்தால் மறுநாள் காலையில் மஞ்சள் படர்ந்திருக்கும். தேங்காய் எண்ணெய் போதும், ஆனால் ஒரு பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள், வேலை முடிந்த கையோடு துடைக்கிற பழக்கம் வரும்.

மே 25

இப்போது கூட்டாளி சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் அது முழுக்கத் தவறில்லை.

ஏழு வேலை என்று கம்பெனி விளம்பரம் செய்தது உண்மை. காடி எடுக்கும், குறுக்குக் காடி எடுக்கும், ஓரத்தில் படி வெட்டும், உருண்டை விளிம்பாகப் பீடிங் போடும், பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று செருக நாக்கும் காடியும் எடுக்கும், கண்ணாடிச் சட்டத்துக்கு விளிம்பு செய்யும், மெல்லிய பலகையைக் கீறிப் பிளக்கும். இதில் எது நன்றாகச் செய்யும், எது சுமாராகச் செய்யும் என்பது அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். நம் மர இழைப்புளியில் அலகுக்கு முன்னால் ஒரு அடிமட்டம் இருக்கிறது. அலகு தூக்கும் நாரை அந்த அடிமட்டம் அமுக்கிப் பிடிக்கும், அதனால் சீவல் கிளம்பும் இடத்திலேயே ஒடிந்து சுருளும், மரம் கிழியாது. 45-ல் அப்படி ஒன்று இல்லை. அலகின் இரண்டு ஓரத்திலும் இரண்டு மெல்லிய பட்டை, நடுவில் காற்று. அகலமான அலகு போட்டு எதிர்நாரில் தள்ளினால் நார் வேரோடு பிய்ந்து வரும், மரம் சிலும்பும்.

ஆனால் குறுகலான அலகில் இந்தக் குறை தெரியாது, காடியின் அடித்தளம் சிலும்பினாலும் யார் பார்க்கப்போகிறார்கள்? அதனால் காடியும் நாக்கும் அருமையாக வரும். சின்ன பீடிங் நன்றாக வரும், மரம் ஒத்துழைத்தால். அகலமான வளைவு, பெரிய மோல்டிங், இதெல்லாம் நேர்நார் மரத்தில் மட்டும்தான். குறுக்கு நாரில் காடி எடுக்க அதே டிராட் செய்த ஸ்டான்லி 46 நல்லது, அதில் அலகு சாய்ந்து உட்காரும், நாரைச் சாய்வாக அறுத்துக்கொண்டு போகும். 45-ன் அலகு நேராக நிற்கும், நாரை முன்கூட்டியே அறுக்கும் கீறு கத்திதான் துணை.

ஆகவே கூட்டாளியிடம் சொல்லுங்கள்: ஏழில் மூன்றை ஒழுங்காகச் செய்யும். உங்களுக்கு வேண்டியது அந்த மூன்றுதான்.

மே 25, பின்குறிப்பு

ரூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பட்டறையிலும் இருக்கிறது. சமையலறை அலமாரிக்கு நாற்பது சட்டம் வந்தால் ரூட்டரைத்தான் எடுப்பேன். ஆனால் பழைய வீட்டு மச்சில் மூன்று பலகை போய்விட்டது, பழைய பீடிங்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று யாராவது வந்தால் 45-தான். ரூட்டர் பிட்டில் கிடைக்கும் உருண்டையும் நூறு வருஷத்துக்கு முன் கையால் எடுத்த உருண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகாது. 45-ல் பழைய துண்டுக்கு ஏற்றபடி அலகை ராவிக்கொள்ளலாம். தேய்ந்த அலகு ஒன்றை அந்த மாதிரி வேலைக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

ஜூன் 1

தம்பி கேட்கிறார், பூட்டினால் கோணலாக நிற்கிறது, தள்ளினால் இறுகிவிடுகிறது, ஏன் என்று.

மூன்று இடத்தைப் பாருங்கள். முதலில் அலகின் வலது ஓரம். தாய்ப்பகுதிப் பட்டையின் வெளிமுகத்தைவிட மயிரிழை அளவுக்கு அலகு வெளியே நிற்க வேண்டும். நகத்தைப் பட்டையிலிருந்து அலகை நோக்கி வழுக்கினால் அலகில் தட்ட வேண்டும், தட்டாமல் போனால் பட்டைக்கு வழி இல்லை, காடிச் சுவரில் உரசி இறுகும். சறுக்குப் பகுதியிலும் இதே கணக்கு, அலகின் இடது ஓரம் மயிரிழை வெளியே. எட்டில் ஒரு அங்குலம் மாதிரி மிகக் குறுகிய அலகுக்குச் சறுக்குப் பகுதி வேண்டாம், தாய்ப்பட்டை ஒன்றே தாங்கும்.

இரண்டாவது, கைடு. முன்னால் ஒரு ஸ்கேல், பின்னால் ஒரு ஸ்கேல் வைத்துப் பட்டைக்கும் கைடுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக வரும்வரை இறுக்க வேண்டாம். ராடுத் திருகை ஒரு பக்கம் முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் கைடு திரும்பிவிடும், இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும்.

மூன்றாவது, கீறு கத்தி. பூவிதழ் மாதிரி சின்ன எஃகுச் சக்கரம், பட்டையின் பக்கவாட்டில் திருகோடு இருக்கும். அதில் மூன்று இதழ் கூர், ஒரு இடம் வெறுமை. நாரோடு போகும்போது வெறும் இடத்தைக் கீழே திருப்பிவிடுங்கள். குறுக்கு நாரில் மட்டும் கூர் இதழ் கீழே.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறுகினால் மெழுகுவர்த்தியைப் பட்டையில் தேயுங்கள்.

ஜூன் 2

தள்ளும் விதத்தைச் சொல்ல விட்டுப்போனது. பலகையின் இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனைவரை ஒரே தள்ளாகத் தள்ளக் கூடாது. தூரத்து முனையில் ஒரு சாண் அளவுக்குத் தள்ளுங்கள், பிறகு அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து, பிறகு இன்னும் முன்னாலிருந்து, இப்படிப் பின்வாங்கிக்கொண்டே வரணும். கருவி ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே வெட்டிய காடிக்குள் போய் முடிவதால் வழி தவறாது. பலகை முழுக்கக் காடி விழுந்த பிறகு நீளத் தள்ளு.

வலது கை முன்னே தள்ளுவதற்கு மட்டும். இடது கை கைடைப் பலகையின் பக்கத்தோடு அமுக்குவதற்கு மட்டும். வலது கையால் அமுக்கவும் போனால் கருவி சாயும், காடி சாய்வாக விழும். ஆழம் வந்ததும் ஸ்டாப்பர் மரத்தைத் தொடும், சீவல் தானாக நின்றுவிடும். அந்த நேரத்தில் கிடைக்கிற சத்தமே வேறு, சர்ர்ரென்று ஓடியது சட்டென்று வழுக்கும், கேட்டால் உங்களுக்கே தெரியும்.

ஜூன் 8

மழை பிடித்துவிட்டது. நேற்று முழுக்கக் கரண்டும் இல்லை. பட்டறையில் இரண்டு அயனிப் பலகைக்கு நாக்கு எடுத்துக்கொண்டிருந்தேன், கருவி சத்தம் தவிர மழைச் சத்தம்தான்.

மரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கருவி நல்லதா கெட்டதா என்று சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் மரத்தைச் சொல்வதே இல்லை. வெள்ளைக்காரன் இதை வடிவமைத்தது பைன் மாதிரி மென்மையான நேர்நார் மரத்துக்கு. நம் பக்கம் அயனி, பலா, வேங்கை, தேக்கு. அயனியில் நார் பின்னிக்கொண்டு போகும், ஒரு சாண் நேர்நார், அடுத்த சாண் எதிர்நார். பலாவும் பல மரங்களில் அப்படித்தான். தேக்கு நன்றாக வெட்டுப்படும், ஆனால் அதில் மணல்சத்து இருப்பதால் அலகு சீக்கிரம் மழுங்கும், பாதிப் பலகையில் நிறுத்தித் தீட்டணும். மகாகனி இந்தக் கருவிக்கு இதமான மரம். ரப்பர் மரம் மலிவு, வெட்டவும் எளிது, ஆனால் மருந்தில் ஊறப்போடாததை வாசற்படிக்குப் போட்டால் அடுத்த மழைக்குள் பூஞ்சையும் வண்டும் வந்துவிடும்.

தம்பி, உங்கள் படிமரத்துக்கு அயனியோ வேங்கையோதான் எடுக்கணும், தண்ணீர் நிற்கிற இடம் அது. அதைப் பேசுவோம். ஆனால் பலகைகளுக்கு நேர்நாராகப் பார்த்துப் பொறுக்குங்கள். மரக்கடையில் பலகையின் அகல முகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். காடி விழப்போவது விளிம்பில், அதனால் விளிம்பைப் பாருங்கள். விளிம்பில் கோடுகள் எந்தப் பக்கம் ஏறுகின்றன என்று பார்த்து, தள்ளும் திசையைச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். கருவியை வலது கையில்தான் தள்ள முடியும், கைடு இடது பக்கத்தில்தான், அதனால் திசையை மாற்றணும் என்றால் பலகையைத் திருப்பி அடுத்த முகத்தில் கைடு வைக்க வேண்டிவரும். காடி நட்ட நடுவில் இல்லாவிட்டால் அது ஒத்துவராது. முன்யோசனை அங்கேதான் வேண்டும்.

ஜூன் 9

செங்கோட்டையிலிருந்து ஒருவர் எழுதுகிறார், பத்மநாபபுரம் அரண்மனை மரவேலையெல்லாம் இந்த மாதிரிக் கருவியிலா செய்தார்கள் என்று. இல்லை ஐயா. திருவிதாங்கூர்த் தலைநகர் 1795 வாக்கில் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது, 45 பிறந்தது அதற்கும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து. அங்கே இருக்கும் வேலையெல்லாம் மர இழைப்புளியும் உளியும் கொட்டாப்புளியும்தான். பூமுகத்து மேற்கூரையில் 90 வகைப் பூக்கள் என்று காட்டுவார்களே, அது உளி வேலை, அதை எந்த இழைப்புளியாலும் செய்ய முடியாது.

ஆனால் அடுத்த முறை போகும்போது பூக்களோடு நின்றுவிடாமல் பலகை இணைப்புகளைப் பாருங்கள். எனக்கு அங்கே போனால் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்ப்பது அதைத்தான்.

ஜூன் 9, இரவு

இணைப்பு என்றதும் இதைச் சொல்லாமல் தூக்கம் வராது. நாக்கும் காடியும் போட்ட மச்சுப் பலகையில் இணைப்பின் ஓரமாக ஒரு சின்ன பீடிங் ஏன் ஓடுகிறது? அழகுக்கு என்று நினைப்பார்கள். அழகுதான், ஆனால் காரணம் வேறு. மழைக்காலத்தில் பலகை ஈரம் வாங்கி அகலும், மாசி பங்குனியில் சுருங்கும். சுருங்கும்போது இணைப்பில் கோடு விழும். மொட்டைப் பலகையில் அந்தக் கோடு விரிசலாகத் தெரியும், பீடிங் இருந்தால் பீடிங்கின் நிழற்கோட்டோடு கோடாகக் கலந்துவிடும். நாக்கு உள்ளே இருப்பதால் வெளிச்சமும் புகாது. மரத்தை ஆடாதே என்று கட்டிப்போடாமல், ஆடிக்கொள் என்று இடம் விட்டு, அந்த ஆட்டத்தையும் மறைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. பிளைவுட் ஒட்டி ஆணி அடித்து மூடுகிற வேலையைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அதனால் தம்பி, நாக்கை நீளத்தில் காடி ஆழத்தைவிடக் கொஞ்சம் குறைவாக எடுங்கள், அடியில் இடைவெளி இருக்கட்டும். பசை போட வேண்டாம்.

ஜூன் 15

நிரைப்பலகை. இனி அதற்கு வருகிறேன்.

இந்தத் தலைமுறைக்குத் தெரியாது என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். கடை வாசலுக்கு மேலே ஒரு உத்தரம், கீழே ஒரு படிமரம், இரண்டிலும் நீளக் காடி. பலகைகளை ஒவ்வொன்றாக அந்தக் காடிக்குள் நிறுத்தி நகர்த்திக்கொண்டே போவார்கள். பலகையில் 1, 2, 3 என்று எண் எழுதியிருக்கும், வரிசை மாறினால் கடைசிப் பலகை உட்காராது. மேல் காடி ஆழம், கீழ் காடி மேலோட்டம். பலகையை மேலே தூக்கி நுழைத்துக் கீழே இறக்கினால் கீழ் காடியில் உட்கார்ந்தாலும் மேலே இன்னும் பிடி இருக்கும். மேல் காடியின் ஆழம் கீழ் காடியைப் போல இரண்டு மடங்காவது இருக்கணும், இல்லையென்றால் கீழே இறக்கிய பிறகு மேலே போதிய பிடி இருக்காது.

உங்கள் படத்தில் பலகை கனம் ஒரு அங்குலம். காடி அதைவிடக் கொஞ்சம் அகலமாக வேண்டும். 45-க்கு அகலமான அலகுகளும் உண்டு, அதனால் ஒரே அலகில் எடுத்துவிடலாமே என்று தோன்றும். அயனியில் அதைத் தள்ளிப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும், சிலும்பலும் தாங்காது. குறுகலான அலகு போட்டுக் காடியின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கோட்டுக் காடி எடுத்துக்கொள்ளுங்கள், ஆழம் ஒன்றாக. நடுவில் நிற்கும் மரத்தை உளியால் தட்டி எடுத்துவிடுங்கள். சுவர் நேராக இருக்க வேண்டும், அதைத்தான் 45 தரும். அடித்தளம் கொஞ்சம் முன்பின் இருந்தால் பலகைக்கு ஒன்றும் ஆகாது.

மேல் உத்தரம் இடத்தில் இருப்பதைக் கழற்றாமல் செய்ய முடியாது, தலைகீழாக 45-ஐப் பிடித்துத் தள்ளுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. உங்கள் உத்தரம் நன்றாக இருப்பதால் அதைத் தொட வேண்டாம்.

பலகைகளின் பக்கங்களுக்குப் பழையதில் என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள். பழைய கடைகளில் பாதிக்கனத்துக்குப் படி வெட்டி ஒன்றன்மேல் ஒன்று சாய்வதுதான் வழக்கமாகப் பார்த்திருக்கிறேன். அதற்கு அகல அலகைப் போட்டுக் கைடை அலகுக்கு அடியிலேயே நகர்த்தி வைத்தால் வெளியே தெரிகிற அகலம் மட்டும் வெட்டும்.

ஜூன் 16

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். கீழ்ப்படிக் காடியில் தண்ணீர் தங்கும், உங்கள் பழைய மரம் உளுத்ததே அதனால்தான். தெருப் பக்கத்துச் சுவரில் இரண்டு மூன்று இடத்தில் உளியால் சாய்வாக வழி வெட்டிவிடுங்கள், தண்ணீர் வெளியே ஓடட்டும். வேலை முடிந்ததும் காடிக்குள் எண்ணெய் இரண்டு தடவை ஊறவிடுங்கள், வெளிமுகத்தைவிட உள்ளேதான் அதிகம் வேண்டும்.

ஜூன் 23

அளவு விஷயம். பாறசாலைக்காரர் ஒருவர் கால் அங்குல அலகில் காடி எடுத்து 6 மில்லிமீட்டர் பிளைவுட் செருகினேன், ஆடுகிறது, அலகு கெட்டதா என்கிறார். அலகு கெடவில்லை. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கடையில் 6 என்று விற்கும் பிளைவுட் அதற்கும் கொஞ்சம் கீழேதான் இருக்கும். அந்த இடைவெளி ஆடத்தான் செய்யும். பிளைவுட்டுக்குத்தான் காடி என்றால் அலகின் ஒரு ஓரத்தைச் சாணையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் நல்ல அலகைத் தொடாதீர்கள், துருக்குழி விழுந்ததாகப் பார்த்துச் செய்யுங்கள். நாட்டு மரத்தில் நாமே நாக்கு எடுக்கும்போது இந்தப் பிரச்சினையே இல்லை, காடியும் நாக்கும் ஒரே பெட்டியிலிருந்து வருகின்றன.

நம் தச்சுக் கணக்கில் கோலும் விரலும், ஒரு கோலுக்கு 24 விரல், கோல் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். கோலில் அளந்து கட்டிய வீட்டுக்குள் அங்குலக் கருவியோடு போய் மில்லிமீட்டர் பிளைவுட்டைச் செருகுகிறோம். எந்த அளவையும் நம்பாமல் பழைய துண்டையே அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் என் வழி. பழைய பலகையின் நாக்கை எடுத்து, புதிதாக வெட்டிய சோதனைக் காடியில் செருகிப் பார்ப்பேன். கைவிரலால் அமுக்கினால் போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது.

ஜூன் 30

தீட்டுவது பற்றிக் கேட்டவர்களுக்கு மொத்தமாக. காடி அலகு எளிது: பின்முகத்தைத் தட்டையாக்கி மெருகேற்றுங்கள், சரிவை 30-லிருந்து 35 பாகைக்குள் வைத்துச் சாணைக்கல்லில் தேயுங்கள், விளிம்பு சதுரமாக இருக்கட்டும். பீடிங் அலகில் உள்வளைவு இருப்பதால் தட்டைக்கல் போகாது. வளைவுக்கேற்ற குச்சியில் உப்புத்தாள் சுற்றிச் சரிவுப் பக்கத்தில் மட்டும் தேயுங்கள். பின்முகத்தில் பிசிறு எடுப்பதோடு சரி, அங்கே தேய்த்தால் வடிவமே மாறிவிடும்.

வளைவின் இரண்டு நுனிகளும் ஊசி மாதிரி இருக்கும், கீழே போட்டால் முதலில் போவது அவைதான்.

ஜூலை 12

தம்பி படம் போட்டுவிட்டார்! வேங்கைப் படிமரம், காடிச் சுவர் இரண்டும் நூல் பிடித்த மாதிரி. மூன்று பலகை முடிந்திருக்கிறது, இரண்டாவது பலகையின் மேல்பாதியில் சிலும்பியிருக்கிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு முடிச்சைச் சுற்றி நார் திரும்புகிறது, அங்கே யார் தள்ளினாலும் சிலும்பும். அடுத்த பலகையில் அப்படி ஒரு இடம் இருந்தால் கடைசி இரண்டு மூன்று தள்ளுக்கு அலகை நன்றாகத் தீட்டி மிக மெல்லிசாக இறக்கிக்கொள்ளுங்கள், முடிச்சுக்கு முன் நார் மேல் ஈரத்துணியால் ஒரு ஒற்று ஒற்றுங்கள். ஈரம் பட்ட நார் இளகி வெட்டுப்படும். உலர்ந்த பிறகு படி கொஞ்சம் சுருங்கும், ஆகவே கணக்காக.

ரூட்டர் சொன்ன கூட்டாளி வந்து பார்த்துவிட்டு நானும் ஒரு பலகை தள்ளிப் பார்க்கட்டுமா என்று கேட்டாராம். கொடுங்கள். தூரத்து முனையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

ஜூலை 13

ஸ்டான்லி 55 வாங்கலாமா என்று இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். 1897-ல் வந்த அண்ணன் அது, தனக்குள்ளே ஒரு இழைப்பு ஆலை என்றே விளம்பரப்படுத்தினார்கள், 55 அலகு. அதில் சறுக்குப் பகுதியின் பட்டை மேலும் கீழும் நகரும், கைடு சாயும், அதனால் ஒரு பக்கம் உயரமும் ஒரு பக்கம் பள்ளமுமான மோல்டிங் அலகுக்கும் இரண்டு ஓரமும் தாங்கல் கிடைக்கும். யோசனை அபாரம். ஆனால் அலகுக்கு முன்னால் அடிமட்டம் இல்லாத குறை அதிலும் உண்டு, அலகு அகலமாக ஆக அந்தக் குறையும் பெரிதாகும். திருகுகள் 45-ஐவிட அதிகம், தொலைப்பதற்கும் அதிகம். நம் மரத்துக்கு, நம் வேலைக்கு 45 அல்லது ரெக்கார்டு 405 போதும். காடி மட்டும்தான் வேண்டும் என்றால் அதைவிடச் சின்னதான ரெக்கார்டு 050 கிடைத்தாலும் விடாதீர்கள், கைக்கு இலகு.

தம்பிக்கு: குட்டை ராடு ஜோடியை லேத்தில் செய்யக் கொடுக்கும்போது நீள ராடையும் கையோடு கொண்டுபோங்கள். வழவழப்பான உருண்டைக் கம்பிதான், மரை கிடையாது, விட்டம் மட்டும் ஒத்துப்போனால் போதும். கம்பி தாய்ப்பகுதித் துளையில் ஆடாமல் வழுக்கணும், அதை அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.